நாலந்தாவைக் கடந்து போன மூட்டைகள்

சித்திரை விடுமுறையில் நாலந்தாப் பக்கம் இரண்டு இரவு டென்ட் அடித்துத் தங்குவதென்று நாங்கள் பதினொரு பேர் முடிவெடுத்திருக்கிறோம். கொண்டுபோக வேண்டிய சாமான்களின் பட்டியல் வாட்ஸப் குழுவில் நாளுக்கு நாள் நீள்கிறது. டென்ட் நாலு, தார்ப்பாய் ஒன்று, டோர்ச், பவர் பாங்க், நூடுல்ஸ், கருவாடு, சித்தாலேப, பிளாஸ்டர், கயிறு, லைட்டர். இதெல்லாம் லேசான வேலை. வீடுகளில் அனுமதி கேட்கப் போனபோதுதான் சிக்கல் வந்தது. சிக்கல் காசில்லை, யானையும் இல்லை. 'கேம்ப்' என்ற சொல்தான்.

மலையகத்து வீடொன்றில் கேட்டார்கள்: "கேம்புக்கா? நம்ம ஆளுக மண்டபம் கேம்புல கெடந்தது பத்தாதா?" வவுனியாவில் ஒரு வீட்டில்: "காம்ப்புக்குக் காசு குடுத்தும் போவினமோ?" ஒரே ஆங்கிலச் சொல். மலையகத்தில் கேம்ப், வடக்கில் காம்ப். எந்த உச்சரிப்பில் சொன்னாலும் அந்தச் சொல்லுக்குள்ளே சந்தோஷம் கிடையாது. மண்டபம் கேம்ப், ஆமி காம்ப், அகதி காம்ப் என்றுதான் அது எங்கள் வீடுகளுக்குள் வந்தது. விரும்பிப் போய்ப் படுக்கிற இடம் என்ற அர்த்தம் எங்கள் தலைமுறையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் யூடியூப் பார்த்து.

அதனால் சாமான் பட்டியலோடு சேர்த்து இன்னொரு பட்டியலும் போட்டுப் பார்த்தோம். இந்த வழியில் எங்களுக்கு முன் வெட்டவெளியில் படுத்து எழும்பியவர்கள் யார்? அவர்களுடைய மூட்டையில் என்ன இருந்தது? அவர்கள் ஏன் வந்தார்கள்? இரண்டு இரவு தங்கப் போகிற இடத்தைப் பற்றி இவ்வளவாவது தெரிந்துகொண்டு போகலாம் என்பதுதான் எங்கள் எண்ணம்.

நடுவில் ஓர் ஊர்

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில், மாத்தளையிலிருந்து வடக்கே 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல் போனால் நாலந்தா. இலங்கையின் நடுப்புள்ளி இதுதான் என்று அங்கே சொல்வார்கள். அளந்து பார்க்காவிட்டாலும், மலைநாடு முடிந்து உலர்வலயம் தொடங்குகிற வாசல் இது என்பது பஸ்ஸில் போனாலே தெரியும். மாத்தளையின் குளிர் பின்னால் போய்விடும். தம்புள்ளையின் வெயில் முன்னால் நிற்கும். தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இந்த ஊரில் அதற்கு அர்த்தம், முள்முருக்கு சிவப்பாகப் பூத்து நிற்கும், கொன்றை தொடங்கும், பகல் முழுக்க வேகும், பின்னேரம் இடியோடு மழை கொட்டும். இரண்டு பருவமழைக்கும் நடுவில் வருகிற மழை. தார்ப்பாய் ஒன்று போதாது என்று இதை வைத்துத்தான் முடிவெடுத்தோம்.

பிரதான வீதியிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீற்றர் அளவில் நாலந்தா கெடிகே இருக்கிறது. முழுக்கக் கல்லால் கட்டிய சிறிய கட்டடம். 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மண்டபம், கருவறை, சுற்றி வலம் வர வழி, மேலே கூடு முகப்புகள், குட்டைப் பூதகணங்கள் என்று பார்த்தால் மாமல்லபுரத்து ஞாபகம்தான் வரும். ஆனால் இது பௌத்த வழிபாட்டிடம். திராவிடக் கட்டடக்கலையில் எழுந்த புத்தர் இல்லம். 'எங்கட கோயிலைப் பிடிச்சிட்டாங்கள்' என்று ஒரு பக்கமும், 'தமிழுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை' என்று மறுபக்கமும் பேஸ்புக்கில் சண்டை பிடிக்கிறார்கள். கல்லைச் செதுக்கியவர்களுக்கு அந்தச் சண்டை இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு ஒரே கட்டடத்தில் இரண்டும் பொருந்தியிருக்கிறது.

கெடிகேயைப் பற்றி இன்னொரு விஷயம். இப்போது நாம் பார்க்கிற இடத்தில் அது கட்டப்படவில்லை. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தால் பழைய இடம் நீரில் மூழ்கும் நிலை வந்தபோது, 1975இல் கல் கல்லாகக் கழற்றி, மேடான இடத்தில் மறுபடி அடுக்கி, 1980இல் வேலையை முடித்தார்கள். இந்த இரண்டு ஆண்டுகளையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஓலையில் ஒரு டென்ட்

நாலந்தா எழுத்தில் வருகிற பழைய இடங்களில் ஒன்று சூளவம்சம். 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு, பொலன்னறுவையை ஆண்ட இரண்டாம் கஜபாகுவோடு போரிட்டபோது நாலந்தாவைத் தன் அரணாக வைத்திருந்தான் என்று அது சொல்கிறது. வாசல் போன்ற ஊர் என்பதால் படைக்கு வசதி. சரி, எங்கள் பட்டியலில் முதலாவதாகப் பதிவாவதே ஓர் ஆமி காம்ப்தான்.

அந்தப் படைகள் மழைக்கு எங்கே ஒதுங்கின? இதற்கு விடை 500 வருஷம் பிந்தி ஓர் ஆங்கிலேயர் எழுதியதில் இருக்கிறது. றொபர்ட் நொக்ஸ் 1660இல் கொட்டியாரப் பக்கத்தில் பிடிபட்டு, கண்டி அரசனின் கைதியாக 19 வருஷத்துக்கு மேல் இந்த மலைகளில் வாழ்ந்தவர். 1681இல் லண்டனில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. கண்டிப் படைவீரர்கள் தாளிப்பனை ஓலையைத் தங்களோடு கொண்டு திரிந்தார்கள் என்று அதில் எழுதுகிறார். ஒரே ஓலை விசிறி போல மடங்கும், விரித்தால் பல பேரை மழையிலிருந்து காக்கும், பாரமும் இல்லை. நாங்கள் வாடகைக்கு எடுக்க அலைகிற மடக்கு டென்ட்டை இந்த மண்ணில் ஒரு மரமே தந்துகொண்டிருந்திருக்கிறது.

நொக்ஸ் தப்பிப் போன கதையில் ஒரு முழுமையான கேம்பிங் பட்டியலும் இருக்கிறது. 1679 செப்டெம்பரில் அவரும் ஸ்டீவன் ரட்லண்ட் என்ற தோழரும் ஊர் ஊராகச் சாமான் விற்கிற வியாபாரிகள் போல வடக்கே புறப்பட்டார்கள். கையில் நீண்ட பிடி போட்ட கோடரி, இடுப்பில் கத்தி, பத்து நாளுக்கு அரிசி, உப்பு, மிளகு, இறைச்சி, சமைக்க ஒரு பாத்திரம், தண்ணீருக்கு இரண்டு சுரைக்குடுவை, படுக்க இரண்டு தாளிப்பனை ஓலை, வெல்லம், வெற்றிலை, புகையிலை, செருப்புத் தைக்க ஒரு மான்தோல். நெருப்புப் பற்றவைக்கும் பெட்டி மட்டும் ஒன்றுக்கு மேல். ஒன்று பழுதானால் மற்றது உதவும் என்று. எங்களிடம் லைட்டர் ஒன்றுதான் எழுதியிருந்தது. இப்போது மூன்று.

அவர்கள் போனது நேராக நாலந்தா வழியால் அல்ல, அதற்கு மேற்கால். ஆனால் போய்ச் சேர்ந்த இடம் முக்கியம். அனுராதபுரத்தில் அவர்கள் சிங்களத்தில் பேச, அங்கிருந்தவர்களுக்கு அது விளங்கவில்லை, அவர்கள் தமிழர்கள் என்று நொக்ஸ் எழுதுகிறார். பிறகு மல்வத்து ஓயா வழியே காட்டுக்குள் நடந்து, 1679 ஒக்டோபர் 18ஆம் திகதி ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக்கு வந்து தப்பினார்கள். மலையிலிருந்து மன்னார்க் கரைக்கு ஒரு விடுதலை நடை. 150 வருஷம் கழித்து மன்னார்க் கரையிலிருந்து மலைக்கு, எதிர்த்திசையில், ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களிடம் மான்தோலும் இல்லை, இரண்டாவது நெருப்புப் பெட்டியும் இல்லை.

கண்டிச்சீமை வழி

1820களில் கம்பளையிலும் பேராதனைப் பக்கத்திலும் தொடங்கிய கோப்பித் தோட்டங்கள், 1830களின் பிற்பகுதியிலிருந்து காட்டுத்தீ போலப் பரவின. மலை வாங்கிய வெள்ளைக்காரருக்குக் கூலி வேலைக்கு ஆள் வேண்டும். கண்டி விவசாயிகள் பலர் தங்கள் வயலை விட்டுத் தோட்டத்தில் கூலிக்கு நிற்க விரும்பவில்லை. அதனால் கங்காணிமார் ராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் என்று ஊர் ஊராகப் போனார்கள். முற்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் கடன் கணக்கில் ஏறியது. வேலை தொடங்க முன்பே கடன்காரர்.

கரையில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து நடை. செட்டிகுளம், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாவுல, நாலந்தா, மாத்தளை. சுமார் 150 மைல். இதைத்தான் ஆங்கிலேயர் 'வடக்கு வீதி' என்று எழுதி வைத்தார்கள். நடந்தவர்களுக்கு அது கண்டிச்சீமைக்குப் போகிற வழி. வீதி என்று சொன்னாலும் ஆரம்ப காலத்தில் பெரும்பகுதி காட்டுத்தடம்தான். உலர்வலயத்தில் குளம் வற்றிய காலத்தில் தண்ணீர் இல்லை. குளத்தில் தண்ணீர் இருந்த காலத்தில் நுளம்பும் காய்ச்சலும். ராத்திரி நெருப்பு மூட்டி, அதைச் சுற்றிப் படுக்க வேண்டும், யானைக்கும் சிறுத்தைக்கும். மூட்டையில் அரிசி, ஒரு சட்டி, போர்க்க ஒரு கம்பளி. அவ்வளவுதான்.

பெரிய எதிரி யானை அல்ல. வாந்திபேதி, அம்மை, காய்ச்சல். கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? நின்றால் அரிசி முடியும், எல்லாருக்கும் நோய் தொற்றும். அதனால் பலர் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார்கள். இதைக் கல்நெஞ்சம் என்று இப்போது குளிரூட்டி அறையில் இருந்து சொல்லலாம். அந்த நடையில் இரக்கம் காட்டக்கூட அரிசி மிச்சம் இருக்க வேண்டும்.

எத்தனை பேர் செத்தார்கள்? 1841 தொடக்கம் வந்தவர்களில் 70,000 பேர் வரை இறந்துபோனார்கள் என்று 1849இலேயே பத்திரிகையில் ஒரு கணக்கு வந்தது. கூடவா குறையவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எண்ணிக்கையில் தகராறு இருக்கலாம், செத்தார்கள் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு வருவதற்கான காரணமே, செத்தவர்களை ஒருவரும் எண்ணவில்லை என்பதுதான். பென்றி லூயிஸ் என்ற அதிகாரி 1913இல் இலங்கையிலுள்ள கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகமே போட்டார். காய்ச்சலில் செத்த தோட்டத்துரை, பாலம் கட்ட வந்த லெப்டினன்ட், குழந்தையாக இறந்த துரைமார் பிள்ளை, எல்லாருக்கும் பெயரும் திகதியும் உண்டு. வடக்கு வீதியில் விழுந்தவர்களுக்கு ஒரு கல் கிடையாது. ஆகவே தொகுக்க ஒன்றும் இல்லை.

பின்னாளில் அரசாங்கம் வழியில் தங்கு கொட்டகைகளும் கிணறுகளும் போட்டது. ஆனால் போக்குவரத்து யாருக்காக என்பதைப் பாருங்கள். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. 1880இல் மாத்தளைக்கு. கோப்பி கீழே இறங்கி கொழும்புத் துறைமுகத்துக்குப் போக ரயில். அந்தக் கோப்பியைப் பறிக்க வந்தவர்களோ மாத்தளை வரைக்கும் நடை. 1876இல் தாது வருஷப் பஞ்சம் தமிழ்நாட்டை வாட்டியபோது இந்த வழியில் கூட்டம் இன்னும் பெருகியது. சாவுக்குப் பயந்து ஓடி வந்தவர்களுக்கு முன்னாலும் அதே சாவு. 1899இல் தொற்றுநோய்க் காரணம் காட்டி வடக்கு வீதி தொழிலாளர் வருகைக்கு மூடப்பட்டது. 1914இல் தலைமன்னார் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்த நடை கதையாகிவிட்டது.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பருவம் முடிய ஊருக்குத் திரும்புவார்கள், ஆகவே வழி இரண்டு தரம். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, மெல்ல மெல்லத் தேயிலை வந்தபோது நிலைமை மாறியது. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும், கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். எங்கள் பதினொரு பேரில் ஆறு பேர் பெண்கள். "பொம்பளப் பிள்ளைங்க காட்டுல போய்ப் படுக்கிறதா?" என்று கேட்கிற வீடுகளுக்கு ஒரு பதில் இந்த வரலாற்றில் இருக்கிறது. பூட்டியும் அவளுடைய தாயும் இடுப்பில் பிள்ளையோடு இதே காட்டில் படுத்தவர்கள்தான். யாரும் அவர்களிடம் அனுமதி கேட்கவில்லை, பாதுகாப்பும் கொடுக்கவில்லை.

கோப்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

இந்த வழியைத் தமிழ்க் கண்ணால் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். 1840இல் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியது என்றது. கண்டிக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாக விறகுக்கும் மாட்டுக்கும் சேனைக்கும் பயன்படுத்திய நிலம் இப்படித் தோட்டக்காரர் கைக்குப் போனது. 1848இல் டொரிங்டன் ஆளுநராக இருந்தபோது துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. அதற்கு மேல் வீதிச் சட்டம்: ஆண்கள் வருஷத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும்.

அந்த வருஷம் யூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். கூட்டம் தெற்கே திரண்டு, 28ஆம் திகதி மாத்தளை தாக்கப்பட்டது. தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வருகிற பாதை நாலந்தாப் பாதைதான். கிளர்ச்சி சில நாட்களில் நசுக்கப்பட்டது. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரே வீதி. ஒரே பத்தாண்டு. ஒரு பக்கம், கோப்பிக்காகக் காட்டை இழந்து கோபத்தில் நடந்த சிங்கள விவசாயி. இன்னொரு பக்கம், கோப்பிக்காக ஊரை இழந்து பசியில் நடந்த தமிழ்த் தொழிலாளி. இருவரையும் அந்த வீதிக்கு இழுத்து வந்தது ஒரே பயிர். ஆனால் எங்கள் பாடப்புத்தகங்களில் இந்த இருவரும் ஒரே பக்கத்தில் வருவதேயில்லை. ஒருவர் தேசிய வீரர் பாடத்தில், மற்றவர் பெருந்தோட்டப் பயிர் பாடத்தில். அதுவும் 'தென்னிந்தியத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர்' என்று ஒரே வரியில். தேங்காய் மூட்டையைக் கொண்டுவந்த மாதிரி.

நடை முடிந்த இடம்

மாத்தளையில் ஏ9 வீதியோரம் முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் தெரியும். 108 அடி உயரம். முதலில் மரத்தடியில் ஒரு சிறு சிலையாக இருந்ததாகவும், 1852இல் காணி கிடைத்ததாகவும், 1874இல் கோயில் எழுந்ததாகவும் அதன் வரலாறு சொல்கிறது. வடக்கு வீதியால் நடந்து வந்தவர்கள் வந்து சேர்ந்த ஊரில் எந்தச் சாமி எழுந்தது என்று பாருங்கள். முத்து என்றால் அம்மை முத்து. வழியெல்லாம் எந்த நோயைப் பார்த்துப் பார்த்து வந்தார்களோ, அந்த நோயின் அம்மனையே கும்பிட்டிருக்கிறார்கள். உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லவும், வந்து சேராதவர்களுக்காக அழவும் அவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை. மாசி மகத்துக்கு இப்போதும் ஐந்து தேர் ஓடுகிறது. கல்லறை இல்லாதவர்களுக்கு இந்தக் கோயிலையே நினைவுக்கல்லாக எடுத்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்தச் சொல்

இனி கேம்ப் என்ற சொல்லுக்கு வருவோம். தலைமன்னார் வழி திறந்த பிறகு, கடலைக் கடக்க முன் ஆட்களை நிறுத்திச் சோதித்து, தடுப்பூசி போட்டு, நோய் இல்லை என்று உறுதியான பிறகே கப்பலேற்றிய இடம் மண்டபம் கேம்ப். மலையகக் குடும்பங்களுக்குள் அந்தச் சொல் வந்தது அந்த வாசலால்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். அவர்களையும் 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு மறுபடியும் மண்டபம் கேம்ப். பாட்டன் நடந்து வந்த திசைக்கு எதிர்த்திசையில் பேரனின் மூட்டை.

இப்போது 1975, 1980 என்ற ஆண்டுகளை எடுங்கள். நாலந்தாவில் கெடிகேயின் கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒன்றும் பிசகாமல் திரும்ப அடுக்கிய அதே ஆண்டுகளில்தான், அதற்குப் பக்கத்துத் தோட்டங்களிலும் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. கற்களைக் காப்பாற்றியது நல்ல வேலை, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஒரு கட்டடத்தைப் பெயர்க்கும்போது எந்தக் கல் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று கவனித்த நாடு, மனிதர்களைப் பெயர்க்கும்போது அதைக் கவனிக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறோம்.

1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். 1983 யூலையில் மாத்தளை நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிந்தன, முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டது. மறுபடியும் முகாம், மறுபடியும் வடக்கு. 2009இல் போர் முடிந்தபோது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். மிகப் பெரிய முகாம் மெனிக் பாம், செட்டிகுளத்துக்குப் பக்கத்தில். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அதுவும் அந்தப் பழைய வழியிலேயே இருக்கிறது. தோட்டத்திலிருந்து 77இல் வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகளும் அந்த வேலிக்குள் இருந்தார்கள். ஆகவே வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுருங்கினால் அது பழமைவாதம் இல்லை. அவர்களுக்கு வரலாறு தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு முறை நடந்தார்கள்

2023இல் மலையக மக்களின் 200ஆவது வருஷ நினைவாக ஒரு நடைபயணம் நடந்தது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் யூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. 16 நாள், சுமார் 250 கிலோமீற்றர். முன்னோர் வந்த அதே வழி. தமிழர்களோடு சிங்களவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். காணி, வீடு, கௌரவமான சம்பளம், சம பிரஜை என்ற அங்கீகாரம் என்று கோரிக்கைகளை முன்வைத்து நடந்தார்கள். லயன் அறைகளில் இன்னமும் ஆட்கள் இருக்கும்வரை அந்த நடை முடிந்ததாகச் சொல்ல முடியாது.

அந்த நடை எங்களுக்குச் சொன்னது இதுதான்: ஒரு வழியின் அர்த்தத்தை அதில் நடக்கிறவர்கள் மாற்றலாம். அதே தூரம், அதே வெயில். ஆனால் கங்காணியின் கடன் கணக்கு இல்லை. தண்ணீர் கொடுக்க வீதியோரம் ஆட்கள் நின்றார்கள். விழுந்தால் தூக்க ஆள் இருந்தது.

சந்தோஷத்துக்காக டென்ட் அடிப்பது அந்த வழியை அவமதிப்பதாகுமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் வாதம் நடந்தது. ஒருவர் சொன்னார், அங்கே செத்தவர்கள் ஆசைப்பட்டிருக்கக்கூடியது இதுதானே, தங்கள் பிள்ளைகள் பயமில்லாமல் ஓர் இரவு வானம் பார்த்துப் படுக்க வேண்டும் என்று. இன்னொருவர், சரி, ஆனால் அது யாருடைய இரவு என்று தெரிந்து படுக்க வேண்டும் என்றார். இரண்டையும் ஏற்றுக்கொண்டோம்.

ஆகவே எங்கள் ஆயத்தம் இப்படி. தொல்பொருள் வளவுக்குள் டென்ட் இல்லை. தங்குவது ஊரவர் ஒருவரின் தோட்டக்காணியில், அவர் காட்டுகிற இடத்தில், கிராம அலுவலருக்குச் சொல்லிவிட்டு. யானை வருகிற பக்கம் எது என்று அவரிடமே கேட்போம், கூகுளிடம் அல்ல. நெருப்பு ஒன்றுதான், விடிய அணைத்து மண் போட வேண்டும். தண்ணீர் ஆளுக்கு நாலு லீற்றர். தார்ப்பாய் இரண்டு. லைட்டர் மூன்று. பயணம் மாத்தளை கோயிலடியில் தொடங்கும், நாலந்தாவில் முடியும், அதாவது அவர்கள் வந்ததற்கு எதிர்த்திசையில். கடைசி ஐந்து கிலோமீற்றரை நடப்போம். பாட்டும் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் ஒரு பிரதி பையில் இருக்கும். அதை ராகம் போட்டுப் பாடத் தெரிந்த ஒருவர் எங்களோடு வருகிறார்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், எந்த வழியால் வந்தோம், எந்த ஊரில் தங்கினோம், மூட்டையில் என்ன இருந்தது என்று அவர்களுக்கு அவர்களுடைய பெரியவர்கள் சொன்னதைக் கேளுங்கள். பெயர் ஞாபகம் இருந்தால் பெயரையும் எழுதி வையுங்கள். வடக்கு வீதியில் விழுந்தவர்களுக்குக் கல் வைக்க யாருமில்லாமல் போய்விட்டது. எழுதி வைக்கவாவது நாங்கள் இருக்கிறோம்.